மவுஸ் கற்பவரின் கையில் இருக்கட்டும்

நாகர்கோவிலிலிருந்து தோவாளைக்குப் போகும் பக்கத்தில், மலையைப் பார்த்தபடி இருக்கிறது நாங்கள் வசிக்கும் முதியோர் குடியிருப்பு. அதன் பொதுக்கூடத்தை ஒட்டிய அறையில் ஒரு கணினி மன்றம் நடக்கிறது. சம்பளம் வாங்கும் ஆசிரியர் அங்கே இல்லை, கட்டணமும் இல்லை. இங்கே குடியிருப்பவர்களில் சற்று முன்னால் கற்றுக்கொண்டவர்கள் அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சனிக்கிழமைகளில் பொறியியல் படிக்கும் மாணவர்கள் சிலர் வந்து, எங்களால் இயலாத பழுதுகளைச் சரிசெய்து தருகிறார்கள். மன்றத்துக்கென்று எழுதிவைத்த விதிகள் சில உண்டு. அவற்றில் நாங்கள் விட்டுக்கொடுக்காத விதி, சொல்லிக்கொடுப்பவர் மவுஸைத் தொடக்கூடாது, கற்பவரின் கைப்பேசியைத் தன் கையில் வாங்கக்கூடாது என்பது. வாயால் சொல்லலாம், திரையைச் சுட்டிக்காட்டலாம், அதே வேலையை நம்முடைய கைப்பேசியில் செய்து காட்டலாம். செய்து முடிக்க வேண்டியவர் அவர்தான்.

புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு இந்த விதி கடுமையாகத் தோன்றுகிறது. எண்பதை நெருங்கும் ஒருவர், நடுங்கும் விரலோடு, திரையில் ஓர் அடையாளத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்யும். வாங்கிச் செய்து கொடுத்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், அவரும் மனமார நன்றி சொல்லிவிட்டுப் போவார். ஆனால் அடுத்த மாதம் அதே வேலைக்காக அவர் மறுபடியும் வர வேண்டியிருக்கும். அது மட்டுமல்ல, தன் கைப்பேசியைத் தெரிந்தவர் ஒருவரிடம் நீட்டி, கேட்டால் ரகசிய எண்ணையும் சொல்லிவிடுவதுதான் வழக்கமான முறை என்று அவர் மனத்தில் பதிந்துவிடும். இன்று நம்மிடம் நீட்டிய கை நாளை ஏடிஎம் வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத இளைஞனிடமும் நீளும். இந்த மன்றம் இருப்பதற்கான காரணமே அந்த நீட்டலை நிறுத்துவதுதான் என்று நான் நினைக்கிறேன். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் உறுப்பினர்கள் படிக்காதவர்கள் அல்லர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே முதலிடம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், செவிலியர், தபால்துறை ஊழியர், கருவூலக் கணக்கர், வளைகுடாவில் பல்லாண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர் என்று கற்றவர்களால் நிரம்பியது எங்கள் குடியிருப்பு. பேரேடு எழுதிய கைகள், ஆயிரக்கணக்கில் விடைத்தாள் திருத்திய கைகள் இவை. பிள்ளைகள் மஸ்கட்டிலும் பெங்களூரிலும் டொரண்டோவிலும் இருக்கிறார்கள். பெரிய வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு, வேளைக்குச் சாப்பாடும் அவசரத்துக்கு மருத்துவரும் கிடைக்கும் இடத்தைத் தேடி இவர்கள் இங்கே வந்தார்கள். இவர்களுக்கு எழுத்தில் குறையில்லை. மின்கட்டணம், ரயில் முன்பதிவு, காப்பீட்டுத் தவணை, வங்கி என்று எதற்கெடுத்தாலும் முன்பு ஒரு கவுண்டர் இருந்தது, கவுண்டருக்குப் பின்னால் கேள்வி கேட்கத்தக்க ஒரு முகம் இருந்தது. அந்த முகம்தான் இப்போது இல்லை.

பிள்ளைகள் சொல்லித்தருவதில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காணொளி அழைப்பில் பொறுமையாகத்தான் சொல்கிறார்கள். "அப்பா, மேலே மூணு புள்ளி இருக்கும் பாருங்க, அதைத் தொடுங்க" என்கிறாள் மகள். அப்பாவின் திரையிலோ அவள் முகம் நிறைந்திருக்கிறது. அவள் சொல்லும் மூன்று புள்ளி வேறொரு செயலியில் இருக்கிறது. அங்கே போனால் அவள் முகம் மறைந்துவிடுகிறது, அழைப்பு அறுந்துவிட்டதோ என்று இவர் பதறித் திரும்பி வந்துவிடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து அதே திரையைப் பார்க்கும் ஒருவர் இருந்தால் இரண்டு நிமிடத்தில் தீரும் சிக்கல் இது.

மூத்தோரே மூத்தோருக்குக் கற்பிப்பது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பணி முடிந்தவர்களும் படிப்பைத் தொடரலாம் என்ற எண்ணத்தில் மூன்றாம் வயதினருக்கான பல்கலைக்கழகம் பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல் தொடங்கியது. அமெரிக்காவில் மூத்தோருக்குக் கணினி கற்றுத்தரும் சீனியர்நெட் அமைப்பு 1986இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் ஆய்வுத் திட்டமாக ஆரம்பித்து, ஊர் ஊராகக் கற்றல் மையங்களாகப் பரவியது. அவ்வளவு தொலைவுக்குப் போவானேன், எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி, முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக 2022இல் அறிவிக்கப்பட்டது. தன்னார்வலர்கள் வீடு தேடிப்போயும், வேலையிடங்களில் கிடைத்த இடைவேளையில் உட்கார்ந்தும் சொல்லிக்கொடுத்தார்கள். விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் உறுப்பினர் சிலருக்கு அந்த ஊர்களில் உறவினர்கள் உண்டு. "அவங்களால முடியும்னா நமக்கு என்ன குறைச்சல்?" என்று அவர்கள் கேட்டதும் இந்த மன்றம் அமைந்ததற்கு ஒரு காரணம்.

எங்கள் கணினிகள் எல்லாமே பழையவை, பிள்ளைகள் புதிது வாங்கியபோது ஒதுக்கியவை. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியபோது இவற்றில் பாதி சிக்கலுக்குள்ளாயின. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைத் தூக்கிப்போட எங்கள் தலைமுறைக்கு மனம் வராது. மாணவர்கள் அவற்றில் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவினார்கள். மெனுவிலும் கோப்புறையிலும் தமிழே தெரியும்படி அமைத்துக்கொண்டோம். மவுஸின் இரட்டைச் சொடுக்குக்கான கால இடைவெளியைக் கூட்டி, அம்புக்குறியைப் பெரிதாக்கி, எழுத்தையும் பெரிதாக்கிவிட்டால், அதுவரை "எனக்கு இது வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் குறை பாதி தீர்ந்துவிடுகிறது. கைப்பேசியிலும் அணுகல்தன்மை அமைப்புகளில், விரலை எவ்வளவு நேரம் அழுத்தினால் அது நீண்ட தொடுகையாகக் கருதப்பட வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். தொட்ட விரலை எடுக்கத் தாமதிக்கும் முதியவருக்கு, செயலி திறப்பதற்குப் பதிலாக அதை நீக்கும் பட்டியல் வந்து நிற்பதற்குக் காரணம் இந்த அமைப்புத்தான். அவருடைய அறியாமை என்று இதைச் சொல்வது அநியாயம்.

நான் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். ஆகையால் தமிழ்த் தட்டச்சு என் பொறுப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

எங்களில் பலர் இளமையில் தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா 1930களில் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் வழிவந்த விசையமைப்பு அந்த விரல்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பொறியில் 'கொ' அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு துணைக்கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே விரலும் போகும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறையில் கணினி உள்ளே வைத்துக்கொள்வது அப்படியல்ல, முதலில் 'க', அதன்பின் 'ஒ' என்னும் உயிரின் குறியீடு. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டால் பழைய தட்டச்சர் குழப்பமில்லாமல் ஏற்றுக்கொள்வார். விளக்காமல் விட்டால், தான் அடித்த கொம்பு தனியே நின்று, அருகில் ஒரு புள்ளிவட்டமும் தோன்றுவதைக் கண்டு கணினி பழுதென்றே முடிவு செய்துவிடுவார். பழைய தட்டச்சு அமைப்பிலேயே அடிக்க விரும்புவோருக்கு அதற்கான மென்பொருளும் இருக்கிறது, அதையும் நிறுவி வைத்திருக்கிறோம்.

புதிதாகக் கற்பவர்களுக்கு நான் தமிழ்99 அமைப்பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடக்கையிலும், மெய் வரிசைகள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருக்கும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். ஒரே எழுத்தை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். 'ங'வை அடுத்துக் 'க' வந்தாலும், 'ஞ'வை அடுத்துச் 'ச' வந்தாலும் அப்படியே. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதைக் கேட்டதும், இன எழுத்துகளைப் பற்றி வகுப்பில் தாம் நடத்திய பாடத்தை விசைப்பலகை கற்றுவைத்திருக்கிறதே என்று மகிழ்ந்துபோனார். அன்று மாலைக்குள் அவர் ஒரு முழுப் பத்தி அடித்துவிட்டார். கைப்பேசியில் செல்லினம் செயலி இதே அமைப்பைத் தருவதால், கற்றது இரண்டு இடத்திலும் பயன்படுகிறது.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் பேரனுக்கு அனுப்புகிறவர்களை நான் குறை சொல்வதில்லை. ஆனால் ஒழுங்கான தமிழில் நாற்பது ஆண்டு கடிதம் எழுதிய ஒருவர், கைப்பேசி வந்ததனால் மட்டுமே தன் எழுத்தைக் கைவிட நேர்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழில் தட்டச்சக் கற்ற பிறகு எங்கள் உறுப்பினர்கள் அனுப்பும் செய்திகளின் நீளமே மாறிவிடுகிறது. இரண்டு சொல்லும் ஒரு பூப்படமுமாக இருந்தது, விசாரிப்பும் விவரமும் உள்ள கடிதமாகிறது. கை நடுங்குபவர்களுக்குக் குரல்வழித் தட்டச்சைக் காட்டுகிறோம். நாஞ்சில் நாட்டுப் பேச்சை அது எப்போதும் சரியாக வாங்கிக்கொள்வதில்லை. வானொலிச் செய்தி வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் சரியாக வருகிறது.

இன்னொரு வேலையும் என்னிடம் வருகிறது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் புழங்கிய வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் பலரிடம் இருக்கின்றன. அரசு 2010இல் யூனிகோடுக்கு மாறியது. பழைய கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அவை அழிந்துவிடவில்லை, எழுத்துரு மாற்றியில் இட்டால் தமிழாகத் திரும்பி வந்துவிடும். ஓர் அம்மையார் தன் கணவர் அடித்துவைத்திருந்த குடும்ப வரலாற்றை இப்படித்தான் மீட்டெடுத்தார். மாற்றியில் ஒட்டியதும் எடுத்ததும் அவரே. பக்கம் பக்கமாக, பல மாலைகள் உட்கார்ந்து செய்தார்.

நவம்பர் மாதத்தில் அறையில் இடமிருக்காது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வேண்டிய மாதம் அது. எண்பது வயது நிறைந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே அளிக்கலாம். 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் திட்டம் முதலில் கைரேகையையும் கருவிழியையும் நம்பியிருந்தது. 2021 நவம்பரில் முகத்தைக் கொண்டே சரிபார்க்கும் முறை வந்தது. ஆதார் முகச் சரிபார்ப்புக்கான செயலி ஒன்று, ஜீவன் பிரமாண் செயலி ஒன்று, இரண்டையும் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, ஆதார் எண்ணையும் ஓய்வூதிய ஆணை எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். முதலில் இயக்குபவராக ஒருமுறை பதிவு, பிறகு ஓய்வூதியராகச் சான்று. இரண்டிலும் தானே இருக்கலாம் என்பதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். வெளிச்சம் முகத்தில் விழும்படி சன்னலைப் பார்த்து உட்கார வேண்டும், மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், சொல்லும்போது கண்ணை இமைக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினால் திரையில் வரும் எழுத்து தெரியாது என்பதால், இந்த ஓர் இடத்தில் மட்டும் பக்கத்தில் இருப்பவர் வாசித்துச் சொல்கிறார். மறுபடி வேலையில் சேர்ந்தாரா, மறுமணம் ஆனதா என்ற கேள்விகளுக்கு அவசரத்தில் தவறான விடையைத் தொட்டுவிடாமல் இருப்பது முக்கியம்.

அந்த மாதத்தில் சுற்றுவட்டாரத்து மக்களுக்கும் அறையைத் திறந்துவிடுகிறோம். அப்படி வந்தவர்களில் அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலையில் வாழ்நாள் முழுவதும் முந்திரிக்கொட்டை உடைத்த பெண்கள் உண்டு. முந்திரித் தோட்டில் உள்ள எண்ணெய் தோலை அரித்துக் கறுக்கச் செய்யும். பல ஆண்டு அந்த வேலை பார்த்தவர்களின் விரல்நுனியில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். முதுமையில் எல்லோருக்குமே தோல் வறண்டு ரேகை மங்கும், இவர்களுக்கு அது மிக அதிகம். ரேஷன் கடையிலும் வங்கியிலும் கருவியில் விரலை வைத்து வைத்து, "ஒத்துக்கிடலை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இவர்கள். வருங்கால வைப்பு நிதியின் வழியே சிறு ஓய்வூதியம் பெறும் இவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். நவம்பர்தான் என்ற கட்டாயம் இல்லை என்பதையே பலர் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டார்கள். ஒரு பாட்டி முகம் பதிவாகிச் சான்றிதழ் எண் குறுஞ்செய்தியாக வந்ததும், "மக்ளே, நான் உசுரோட இருக்கேன்னு இப்பவாவது ஒத்துக்கிட்டானே" என்றார். அவருடைய கோபம் நியாயமானது. உழைத்துத் தேய்ந்த கையையே ஒரு கருவி அவருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டது.

மோசடி பற்றிய வகுப்பை நாங்கள் ஒத்திவைப்பதே இல்லை. முதல் வாரத்திலேயே நடத்திவிடுகிறோம். யுபிஐயில் ரகசிய எண் போடுவது பணம் கொடுப்பதற்கும், கணக்கில் உள்ள இருப்பைப் பார்ப்பது போன்ற வேலைகளுக்கும்தான். பணம் வாங்குவதற்கு எண்ணும் வேண்டாம், கியூஆர் குறியை ஸ்கேன் செய்யவும் வேண்டாம். இந்த ஒன்றை மனத்தில் நிறுத்தியவரை ஏமாற்றுவது கடினம். வங்கிகளின் இணைய முகவரி இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு, அதைப் பார்க்கப் பழக்குகிறோம். டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைப் பற்றி எச்சரித்தார். ஆயினும் காக்கிச் சட்டையும் பின்னால் தேசியக் கொடியும் தெரியும் காணொளி அழைப்பு வரும்போது, வாழ்நாள் முழுவதும் அரசு அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தவர்கள் நடுங்கிப்போகிறார்கள். எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு அப்படி அழைப்பு வந்தது. யாரிடமும் பேசக்கூடாது, அறைக்கதவைத் திறக்கக்கூடாது என்று மிரட்டினார்கள். அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டு மன்றத்துக்கு வந்து, எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சொன்னார். அதன்பிறகு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணைத் தன் கையாலேயே அழைத்துத் தகவல் கொடுத்தார். வெட்கப்படாமல் அவர் அதைச் சொன்னதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஏமாந்தவர்கள் பிள்ளைகள் திட்டுவார்களே என்று பயந்து மறைக்கிறார்கள். பணம் போனால் முதல் சில மணி நேரத்துக்குள் புகார் கொடுத்தால்தான் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கும். மறைக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்குச் சாதகம். ஆகவே ஏமாந்தவரைப் பார்த்து "இது கூடத் தெரியாதா?" என்று கேட்பவருக்கு எங்கள் அறையில் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு கிடையாது.

முதியோர் நடுவே நடக்கும் மன்றம் என்பதால் இறப்பைப் பற்றியும் நாங்கள் பேசியாக வேண்டியிருக்கிறது. உறுப்பினர் ஒருவர் காலமானபோது, அவருடைய பேரப்பிள்ளைகளின் படங்கள் அனைத்தும் அவர் ஒருவருக்கே தெரிந்த கடவுச்சொல்லுக்குப் பின்னால் தங்கிவிட்டன. அதன்பிறகு கூகுள் கணக்கின் செயலற்ற கணக்கு மேலாளரை அமைப்பதை ஒரு பாடமாகவே வைத்தோம். மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை நாம் குறிக்கும் காலத்துக்குக் கணக்கு பயன்படுத்தப்படாவிட்டால், நாம் பெயர் கொடுத்த நம்பகமானவர்களுக்குத் தகவலும், நாம் அனுமதித்த படங்களும் கோப்புகளும் போய்ச் சேரும். வங்கிக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நியமனதாரராக (நாமினி) குறிப்பிடலாம் என்ற விதி 2025 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. இதையும் அந்தப் பாடத்தோடு சேர்த்தே சொல்கிறோம். கடவுச்சொற்களை எழுதிவைக்கும் நோட்டு அவரவர் அலமாரியில் இருக்க வேண்டும். மன்றத்தில் வைத்துக்கொள்ளும்படி சிலர் அன்போடு கேட்டும் நாங்கள் மறுத்துவிட்டோம். நாங்களும் யாருடைய சாவியையும் வாங்கக்கூடாது.

மாவட்டத்தில் வேறு குடியிருப்புகளிலும், நூலக வாசகர் வட்டங்களிலும், ஆலய முதியோர் சங்கங்களிலும் இதைத் தொடங்க விரும்புவதாகச் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். புதுக் கணினிக்காக நன்கொடை திரட்டிக் காத்திருக்க வேண்டாம். இரண்டு பழைய மடிக்கணினியும் நல்ல இணைய இணைப்பும் போதும். உறுப்பினர்கள் தங்கள் கைப்பேசியையே கொண்டுவருவார்கள். காற்றுக் காலத்திலும் மழைக் காலத்திலும் மின்சாரம் போய் வரும், ஒரு யுபிஎஸ் அவசியம். வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு வேலை மட்டும். காலை பத்து மணி நல்ல நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கும் கவனம் நிற்காது. கற்பவர் தன் கையால் எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் பேனாவும் மேசைமேல் இருக்க வேண்டும். அச்சிட்ட கையேட்டை விட அவர் தன் சொற்களில் எழுதிய படிகள்தான் மறுநாள் அவருக்கு உதவுகின்றன. நாற்காலிகளைக் கைப்பிடி உள்ளவையாக வாங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றி எழுந்திருக்க அது வேண்டும்.